தங்கை மகளும் பீஜ கணிதமும்

நமக்குக் கணக்கு வரும் என்று நம் உறவினரிடையே ஒரு பிரசித்தி உண்டு. அது எப்படி ஏற்பட்டது என்பது நமக்கே தெரியாது. பலசரக்குக் கடைச் சீட்டைக் கூட்டிப் பார்த்து இரண்டு முறை தவறு கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டு முறையும் கடைக்காரர் கூட்டியதே சரி, நாம் கூட்டியதே தவறு என்று பின்னால் தெரிய வந்தது. ஆனாலும் பிரசித்தி என்பது ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் இலேசில் விடுவதில்லை.

அந்தப் பிரசித்தியை நம்பித்தான் திருவாரூரிலிருந்து நம் தங்கை ஒரு நாள் காலையில் கைப்பேசியில் அழைத்தாள்.

"அண்ணா! குழந்தை காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 17 மார்க்கு வாங்கியிருக்கிறாள்."

"25-க்கா?" என்று நாம் ஆவலுடன் கேட்டோம்.

"100-க்கு."

தங்கை குழந்தை என்று சொன்னது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பதினான்கு வயதுப் பெண்ணை. வீட்டில் மின்விசிறி நின்றால் திருப்புளியும் கையுமாக முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். பழைய கடிகாரத்தைப் பிரித்துத் திரும்பவும் பூட்டி, மிச்சமாக ஒரே ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கீர்த்தியும் அவளுக்கு உண்டு. எஞ்சினீயர் ஆவேன் என்று ஆறு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது, "எனக்குக் கணக்கு வராது, அம்மா. இனிமேல் அதைப் பற்றிப் பேசாதே" என்று சொல்லிவிட்டாளாம். அவளுடைய தகப்பனாரும், "வராததைப் போட்டு ஏன் உருட்ட வேண்டும்? பதினோராம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவாக எடுத்துக்கொள்ளட்டும்" என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டார். அப்படி எடுத்துக்கொண்டால் எஞ்சினீயரிங் கல்லூரியின் வாசல் அநேகமாக மூடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நீ தினம் அரை மணி நேரம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அண்ணா" என்றாள் தங்கை.

நாம் இருப்பது சென்னையில். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 300 கிலோமீட்டர். முன்னாளில் இந்தத் தூரம் ஒன்றே நம்மைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்திருக்கும். இந்த நாளில் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேச முடிகிறபடியால் தப்ப வழியில்லை. ஒப்புக்கொண்டோம்.

*

முதல் மூன்று வாரம் நாம் மிகவும் நன்றாகச் சொல்லிக் கொடுத்தோம். அதில் சந்தேகமே இல்லை. நம் பாடத்தை நாமே ரசித்தோம் என்றால் நேயர்கள் தெரிந்துகொள்ளலாம்.

இயற்கணிதம் என்று இன்றைய பாட புத்தகம் சொல்லும் பாடம் அது. நம் தகப்பனார் காலத்தில் அதற்கு அல்ஜீப்ரா என்று பெயர். 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியார் எழுதியபோது பீஜ கணிதம் என்று பெயர். தெரியாத ஒரு எண்ணுக்கு எழுத்தால் ஒரு பெயர் வைத்து, தெரிந்ததைக் கொண்டு அதைப் பிடிக்கிற வித்தை. பள்ளிக்கூடத்தில் அந்த எண்ணை எக்ஸ் என்கிறார்கள். நம் தேசத்துப் பழைய கணித ஆசிரியர்கள் அதை "யாவத் தாவத்", அதாவது "எவ்வளவோ அவ்வளவு" என்று சொல்லி, சுருக்கமாக "யா" என்று எழுதினார்கள். தமிழ் இலக்கணத்திலும் "யா" என்பது வினா எழுத்து. இது தற்செயலான பொருத்தமே. ஆனால் அழகான பொருத்தம். ஆகையால் இந்தக் கட்டுரையில் நாமும் "யா" என்றே எழுதுகிறோம்.

கைப்பேசியின் திரையில் நம் தங்கை மகளின் முகம் தெரியும். நாம் ஒரு சிறிய கரும்பலகையை நம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விளக்குவோம். முடிவில், "புரிந்ததா, அம்மா?" என்று கேட்போம்.

"புரிந்தது, மாமா."

"ஏதாவது சந்தேகம் உண்டா?"

"ஒன்றும் இல்லை, மாமா."

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். 20-க்கு 3 மார்க்கு. காலாண்டில் 17 வாங்கியவள் நம் போதனையின் பலனாக 15 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தாள்.

*

அதற்கடுத்த நாள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு விபத்து நேர்ந்தது. நம் கை பட்டு, நம் குரல் அந்தப் பக்கம் போகாதபடி கைப்பேசியில் ஒலி அடைபட்டுவிட்டது. நாம் அதை அறியாமல் சுமார் நான்கு நிமிஷம் பிரசங்கம் செய்தோம். மாமா ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்து, குழந்தை முதல் நாள் கொடுத்த கணக்கைத் தானே போட ஆரம்பித்துவிட்டாள். போடும்போது வாய்க்குள் முணுமுணுத்தாள். அவள் குரல் நமக்குக் கேட்டது.

கணக்கு இது: 3யா + 7 = 22.

"7 அந்தப் பக்கம் போனால் மைனஸ் 7. 22-இல் 7 போனால் 15. இப்போது 3 அந்தப் பக்கம் போனால் மைனஸ் 3. 15-இல் 3 போனால் 12. ஆகவே விடை 12."

நாம் பிரசங்கத்தை நிறுத்திவிட்டோம். மூன்று வாரமாக நாம் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கிறோம். அவள் யோசிப்பதை ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒலியைத் திறந்துகொண்டு முதல் காரியமாகக் கைப்பேசியை இடம் மாற்றச் சொன்னோம். இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, கைப்பேசியை அவற்றின் மேல் படுக்க வைத்து, அதன் கண் நோட்டுப் புத்தகத்தைக் கீழ்நோக்கிப் பார்க்கும்படி செய்தாள். இப்போது அவள் முகம் தெரியவில்லை. கையும் பென்சிலும் தெரிந்தன. அதுதான் வேண்டியிருந்தது.

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற மந்திரத்தை அவள் பிழையில்லாமல் மனப்பாடம் செய்திருந்தாள். கூட்டலில் நிற்கும் 7-க்கு அது பலித்தது. பெருக்கலில் நிற்கும் 3-க்கும் அதே மந்திரத்தைப் போட்டாள். நியாயந்தானே! மந்திரத்தில் விதிவிலக்கு ஒன்றும் சொல்லப்படவில்லையே! அந்த 3-ஆல் வகுக்க வேண்டும் என்று திருத்திவிட்டு மேலே போக நம் நாக்குத் துடித்தது. நல்ல வேளையாக, அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டு வைத்தோம்.

"யா என்பது 5 என்று வைத்துக்கொள். 3யா எவ்வளவு?"

"35, மாமா" என்று தயக்கமின்றிப் பதில் வந்தது.

*

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்கக்கூடிய நேயர்கள் சற்றுப் பொறுத்து யோசிக்க வேண்டும். முதல் வகுப்பிலிருந்து அந்தக் குழந்தைக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? 3-க்கு அருகில் 5-ஐ எழுதினால் முப்பத்தைந்து என்றோம். ஐந்தாம் வகுப்பில் 3-க்கு அருகில் ½ எழுதினால் மூன்றரை என்றோம்; அங்கே பக்கத்தில் நிற்பதற்குக் கூட்டல் என்று அர்த்தம். பிறகு ஒரு நாள் 3-க்கு அருகில் ஓர் எழுத்தை நிறுத்தி, இங்கே பெருக்கல் என்றோம். அதை ஒரு தடவை, ஒரு வரியில், அவசரமாகச் சொல்லியிருப்போம். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்திருக்கலாம். அந்த ஒரு வரி விட்டுப் போயிற்று. அதற்கு மேல் எழுப்பிய கட்டடம் முழுவதும் அந்தரத்தில் தொங்கியது.

3யா என்பதில் பெருக்கல் ஒளிந்திருப்பது தெரியாதவளுக்கு வகுத்தல் எங்கிருந்து தோன்றும்? மூன்று வாரமாக நாம் மாடிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். அவளோ அஸ்திவாரத்தில் ஒரு செங்கல் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தவிப்புக்கு அவளே ஒரு பெயரும் வைத்துவிட்டாள்: "எனக்குக் கணக்கு வராது."

பீஜம் என்றால் விதை. ஆகையால் விதையிலிருந்தே தொடங்கினோம். சமையலறையிலிருந்து புளியங்கொட்டையும் மூன்று காலித் தீப்பெட்டிகளும் எடுத்து வரச் சொன்னோம். அவளுடைய தம்பி தனியே போய் மூன்று பெட்டியிலும் ஒரே எண்ணிக்கையாகக் கொட்டை போட்டு மூடிக் கொண்டு வந்தான். வெளியே 7 கொட்டை. எல்லாம் சேர்த்து 22 என்று மட்டும் சொன்னான்.

"ஒரு பெட்டியில் எவ்வளவு?" என்று கேட்டோம்.

அரை நிமிஷம் மௌனம். திரை வழியாகப் பாடம் சொல்கிறவருக்கு மௌனத்தைப் போன்ற சோதனை கிடையாது. ஸிக்னல் போய்விட்டதோ என்று தோன்றும். ஏதாவது பேசி நிரப்ப வேண்டும் என்று இருக்கும். நாம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

"வெளியில் இருக்கும் ஏழை எடுத்துவிட்டால் 15. மூன்று பெட்டிக்கும் சமமாகப் பிரித்தால் 5. மாமா! 5!"

"பெட்டியைத் திறந்து பார்."

திறந்தாள். 5 கொட்டை இருந்தன. "இதுதானா 3யா? மூன்று யா-வா?" என்று கேட்ட குரலில் ஆச்சரியம் பாதி, கோபம் பாதி. இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை நாள் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்ற கோபம். அந்தக் கோபத்தை நாம் பணிவுடன் ஏற்றுக்கொண்டோம்.

*

ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அடுத்த முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறது. மறு நாள் ஒரு சீட்டில், 8 + 4 = ___ + 5 என்று எழுதிக் காட்டிக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னோம். 12 என்று எழுதினாள். சரியான விடை 7. இதுவும் அவள் ஒருத்தியின் தவறு அன்று. பல தேசத்துப் பிள்ளைகளும் இப்படியே எழுதுகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கணக்குப் பொறியில் சமக்குறியை அழுத்தினால் விடை வருகிறது அல்லவா? அதனால் சமக்குறி என்றால் "இதோ விடை" என்று அர்த்தம் செய்துகொண்டுவிடுகிறார்கள். உண்மையில் அது தராசின் முள். இரண்டு தட்டும் ஒரே எடை என்று சொல்லுவதற்கு மேல் அது வேறொன்றும் சொல்வதில்லை.

ராபர்ட் ரிக்கார்டு என்ற வேல்ஸ் தேசத்து வைத்தியர் 1557-இல் வெளியிட்ட புத்தகத்தில்தான் இந்தக் குறி முதன் முதலில் அச்சேறியது. "இதற்குச் சமம்" என்று அடிக்கடி எழுதி அலுத்துப் போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணை கோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் வேறு இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் கதையைச் சொன்னதும் குழந்தை, "அப்படியானால் ஒரு தட்டில் எடுத்தால் இன்னொரு தட்டிலும் எடுக்க வேண்டும்" என்றாள். அவ்வளவுதான். "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற மந்திரத்துக்கு இனி வேலை இல்லை. 7 எங்கும் பறந்து போகவில்லை; இரண்டு தட்டிலும் 7-ஐ எடுத்தோம். 3-உம் எங்கும் போகவில்லை. இரண்டு தட்டையும் மூன்று பங்காகப் பிரித்தோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்தில் அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள "அல் ஜபர்" என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. குறைந்ததை நிறைத்துச் சரி செய்வது என்பது அதன் பொருள். அந்தப் பெயரிலேயே தராசின் நியாயம் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது முடிச்சு சற்றுக் கடினமானது. 5 − 2யா = 11 என்ற கணக்கில் அவள் கழித்தல் குறியைத் தொலைத்துவிட்டு யா = 3 என்று எழுதினாள். இங்கே தீப்பெட்டி உதவாது. சூனியத்துக்குக் கீழே எந்தப் பெட்டியிலும் கொட்டை போட முடியாது அல்லவா? நம்முடைய பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். சூனியத்துக்கு மேற்பட்டதைத் தனம் என்றும், கீழ்ப்பட்டதை ருணம், அதாவது கடன் என்றும் பெயரிட்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தார். கடனைப் பற்றி நம் குடும்பங்களில் குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"உன் கையில் 5 ரூபாய் இருக்கிறது. உன்னிடமிருந்து இரண்டு உறையை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகு உன் ஆஸ்தி 11 ரூபாய் ஆகிவிட்டது. எடுத்தால் குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடிற்று?"

வெகு நேரம் யோசித்தாள். "உறையில் கடன் சீட்டு இருந்திருக்க வேண்டும், மாமா. ஒவ்வொன்றிலும் 3 ரூபாய்க் கடன். அதை எடுத்துக்கொண்டதனால் எனக்கு 6 ரூபாய் லாபம்."

யா என்பது மைனஸ் 3. மந்திரம் ஒன்றும் சொல்லாமல், தானே கண்டுபிடித்தாள்.

அன்று முதல் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினோம். விடை வந்ததும் சரியா தவறா என்று நம்மைக் கேட்கக் கூடாது. யா இருந்த இடத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு எழுதிய 3-ஐப் போட்டால் 5-இல் 6 போய் மைனஸ் 1 ஆகிறது, 11 ஆகவில்லை. மைனஸ் 3-ஐப் போட்டால் 11 ஆகிறது. தீப்பெட்டியைத் திறந்து பார்ப்பதும் இதுவும் ஒன்றே. பீஜ கணிதத்தில் இது ஒரு பெரிய சௌகரியம். உபாத்தியாயர் திருத்தும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

*

தூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுப்பது நாம் கண்டுபிடித்த புதுமை அன்று. 2004-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த சால்மன் கான் என்பவர், நியூ ஆர்லியன்ஸில் இருந்த பன்னிரண்டு வயது உறவுப் பெண்ணுக்கு டெலிபோன் மூலமாகவும் கணினித் திரையில் எழுதிக் காட்டியும் பாடம் சொன்னார். அந்தப் பெண் கணக்கில் பின்தங்கியவள் என்று ஒதுக்கப்பட இருந்ததற்குக் காரணம், ஓர் அளவையை இன்னோர் அளவையாக மாற்றும் ஒரே ஒரு பகுதி பிடிபடாமல் போனதுதான். அது விளங்கியதும் அவள் முன்னேறினாள். பின்னால் கோடிக் கணக்கானோர் பார்க்கும் கான் அகாடமியின் படங்களெல்லாம் அந்த ஒரு முடிச்சிலிருந்து கிளம்பியவையே. படங்கள் பிற்பாடு வந்தன. ஒருவர் கேட்க, ஒருவர் யோசித்தது முதலில்.

அமெரிக்கக் கல்வி அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன், வகுப்பில் கூட்டமாகப் படித்தவர்களில் 100-க்கு 98 பேரை மிஞ்சினான் என்றார். பின் வந்த ஆராய்ச்சிகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பதில் நல்ல பலன் உண்டு என்பதை அவையும் ஒப்புக்கொள்கின்றன. இதனால் பள்ளிக்கூட உபாத்தியாயரைக் குறை சொல்ல நாம் துணியமாட்டோம். நாற்பது ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒவ்வொருவருடைய முணுமுணுப்பையும் அவர் எப்படிக் கேட்பார்? ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கேட்கத் தெரியாமல் இருந்த நமக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் படித்தவர்கள் உள்ள வீடுகளில் ஒவ்வொருவருக்கும் வெளியூரில் ஒரு தங்கை மகனோ, அண்ணன் மகளோ இருக்கிறார்கள். தினம் அரை மணி நேரம் பெரிய தியாகம் ஆகாது. கைப்பேசியின் கண்ணை முகத்தின் மேல் வைக்காமல் நோட்டின் மேல் வையுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மரியாதையுள்ள குழந்தை சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேளுங்கள். பிறகு, தயவு செய்து, சிறிது நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அரையாண்டுப் பரீட்சையில் நம் தங்கை மகள் 52 மார்க்கு வாங்கினாள். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. வடிவ கணிதத்தில் அவளுக்கு இன்னும் தகராறு இருக்கிறது. பதினோராம் வகுப்பில் எதை எடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று தகப்பனார் சொல்லிவிட்டார். "வராது" என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் சில மாதமாகக் கேட்கவில்லையாம்.

சென்ற வாரம் நாம் ஒரு கணக்கைக் கரும்பலகையில் அதிவேகமாகப் போட்டு, விடை 4 என்று கம்பீரமாக எழுதினோம். அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் மௌனம். ஸிக்னல் போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை.

"மாமா, போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

போட்டுப் பார்த்தோம். தவறுதான்.